மூன்று வருடத்துக்குப் பெயர் மாற்றக் கூடாது

ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். காபி போட்டேன். நேற்றைய பாத்திரங்களைக் கழுவினேன்: ஒரு தட்டு, ஒரு கரண்டி, ஒரு டம்ளர். குளித்தேன். ரொட்டியை நின்றுகொண்டே தின்றேன். அரை நாள் விடுப்பு வேண்டும் என்று மேலாளருக்குச் செய்தி அனுப்பினேன். உடனே 'சரி' என்று வந்தது. மனைவி இறந்த பிறகு எனக்கு எல்லாரும் உடனே சரி என்கிறார்கள்.

கடிதம் அவள் பெயருக்கு வந்திருந்தது. மின்சாரக் கார் வாங்கியதற்கான மானியம். மத்திய அரசின் பங்கைக் கடையிலேயே விலையில் கழித்துவிட்டார்கள். மாநில அரசின் பங்கு, விண்ணப்பதாரர் வண்டியோடு நேரில் வந்து சரிபார்த்த பிறகுதான். பெண் பெயரில் வாங்கி அவளே ஓட்டினால் கூடுதலாக உண்டு. இதையெல்லாம் தேடிப் படித்தது அவள்தான். பதின்மூன்று நாள் ஓட்டினாள். பதின்மூன்றாம் நாள் மதியம் அவளுடைய அலுவலகப் படிக்கட்டில் மயங்கி விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள்.

மூன்று மாதமாக அவள் பெயரை நீக்கிக்கொண்டிருக்கிறேன். வங்கி, காப்பீடு, வாடகை ஒப்பந்தம். ஒவ்வொரு மேசையிலும் ஒரு நகல், ஒரு முத்திரை. மிச்சம் இந்தக் கார்தான். மானியத்தின் பதினோராவது நிபந்தனை: மானியம் பெற்ற வண்டியை மூன்று வருடத்துக்கு வேறு பெயருக்கு மாற்றக் கூடாது. அதை நான்கு முறை படித்தேன். பணத்துக்காக இல்லை. மானியம் கிடைத்தால் அவள் பெயர் மூன்று வருடம் இருக்கும். இல்லாவிட்டால் இந்த வாரமே மாற்றியாக வேண்டும்; இறந்தவர் பெயரில் வண்டியை மூன்று மாதம்தான் விட்டுவைப்பார்கள்.

போக்குவரத்து அலுவலக வாசலில் நகல் எடுப்பவரை எல்லாரும் ஜெராக்ஸ் அண்ணன் என்றார்கள். படிவம் விற்பார். யோசனை இலவசம்.

"வண்டி யார் பேர்ல தம்பி?"

"மனைவி பேர்ல."

"அவங்க எங்க? மேக்கப் இன்னும் முடியலையா? போன் போட்டு வரச் சொல்லுங்க. உள்ள இருக்கற அம்மா டீ குடிக்கப் போனா, திரும்பி வர்றதுக்குள்ள உங்க பேட்டரி இறங்கிடும்."

"இறந்துட்டாங்க."

அவர் கை இயந்திரத்தின் மூடியிலேயே நின்றது. "என் வாயைப் பினாயில் ஊத்திக் கழுவணும்" என்றார். நகலுக்குக் காசு வாங்கவில்லை.

உள்ளே அதிகாரி அம்மா இறப்புச் சான்றிதழைப் படித்தார்.

"முப்பத்தொண்ணுதானா?"

"ஆமா மேடம்."

"உங்க பேருக்கு மாத்திடுங்களேன். இன்னிக்கே முடிச்சுத் தரேன். எதுக்கு அலையறீங்க?"

"மாத்த வேணாம்."

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். "வாரிசா மானியம் கேக்கலாம். ஆனா அவங்களேதான் ஓட்டினாங்கன்னு நேர்ல பாத்தவங்க எழுதித் தரணும். கடைசியா எப்ப ஓட்டினாங்க, என்ன நடந்துச்சு, எல்லாம். இல்லன்னா மேல தள்ளுபடி பண்ணிடுவாங்க."

"நான்தான் பாத்தேன்."

"அப்ப எழுதுங்க."

எழுதினேன்: அன்று காலை எட்டு இருபதுக்கு, 'போயிட்டு வரேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

எல்லாரிடமும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். முதலில் கேட்டது அவள் அம்மா. மருத்துவமனை வராந்தாவில், என் சட்டையைப் பிடித்துக்கொண்டு. "எம்பொண்ணு கடைசியா என்னப்பா சொன்னா?" "போயிட்டு வரேன்னு சொன்னா அத்தை." பிடி கொஞ்சம் தளர்ந்தது. அதன்பின் அதை மாற்ற முடியவில்லை. மச்சினன் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டான்.

அதிகாரி படித்துவிட்டுப் பேனாவால் தாளைத் தட்டினார்.

"தம்பி, பஸ்ல போறவங்களும் போயிட்டு வரேன்னுதான் சொல்வாங்க. அவங்க ஸ்டியரிங் பிடிச்சாங்கன்னு இதுல எங்க இருக்கு? நடந்தத எழுதுங்க. இத அடிச்சுட்டுப் பக்கத்துல கையெழுத்து போடுங்க."

அடித்தேன். கையெழுத்து போட்டேன்.

எட்டு இருபது. அவள் ஓட்டுநர் இருக்கையில். வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும். ஒரு பக்கம் தூண், மறுபக்கம் மேல்வீட்டுக்காரரின் ஸ்கூட்டர். நான் ஈரத் துண்டோடு கேட்டருகே நின்றேன். அவள் கண்ணாடியை இறக்கிச் சொன்னாள். நான் உள்ளே போனேன். மின்சார வண்டி. அவள் போன சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.

அவள் சொன்னதை, அவள் சொன்ன மாதிரியே எழுதிக் கொடுத்தேன். அதிகாரி இரண்டு முறை படித்தார். முத்திரையை மையில் ஒற்றி நிதானமாகக் குத்தினார்.

"இது போதும். மூணு வருஷத்துக்குப் பேரு மாறாது" என்றார்.

நகலை வாங்கிக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்தேன். அத்தையின் எண்ணை அழுத்தினேன். எடுத்தார்.

"அத்தை, அன்னிக்கு நான் சொன்னது நிஜமில்ல. அவ அப்படிச் சொல்லல."

"பின்ன என்ன சொன்னா?"

தாளைப் பார்த்துப் படித்தேன்.

"நீ பாத்துட்டே நின்னா எனக்குக் கை நடுங்குது. தூண்ல இடிச்சேன்னா மானியம் பூரா பெயிண்டுக்கே போயிடும். உள்ள போ நீ."