டப்பாவில் ஒரு ஆலங்கட்டி

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. ‘ஆலங்கட்டி’ என்ற சொல்லைப் பற்றி ஒரு பக்கம் வேண்டும் என்றார் பத்திரிகை ஆசிரியர். ஆலங்கட்டியைக் கண்ணால்கூடக் கண்டதில்லை என்பதை மறைத்து, “அதுக்கென்ன, நாளைக்கே தர்றேன்” என்றேன். வாய்தான் எனக்கு முதல் எதிரி.

2

ஆலமரத்தடியில் அன்று— (வேண்டாம். ஆலமரத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ‘ஆலம்’ என்றால் நீர் என்கின்றன பழைய நிகண்டுகள். ஆக, ஆலங்கட்டி என்றால் நீர்க்கட்டி. இவ்வளவுதானா? சப்பென்று ஆகிவிட்டது.)

சொல்லில் இல்லாத காரத்தைக் கதையில் சேர்த்தேன். ரொட்டி வேன் ஓட்டும் ஒருத்தி ஆலங்கட்டி மழையில் சிக்கிச் செத்துப்போகிறாள். ஈவிரக்கமில்லாமல் முற்றுப்புள்ளி வைத்துவிட்டு டீ போடப் போனேன்.

(ரொட்டி வேன் ஓட்டுவது என் மனைவி. “வேனை எழுதுங்க, என்னை எழுதாதீங்க” என்பது எங்கள் வீட்டு ஒப்பந்தம்.)

3

டீ கொதிக்கும்போது அவளே போனில் கூப்பிட்டாள்.

“ஏங்க, இங்க ஆலங்கட்டி மழை! வேன் மேல தடதடன்னு விழுது. உங்களுக்கு ஒண்ணு—”

இணைப்பு அறுந்தது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். போகவில்லை.

எனக்கு மூடநம்பிக்கை கிடையாது. ஆனாலும் அடுப்பை அப்படியே விட்டு ஓடிப்போய் அந்தச் சாவை அழித்தேன். புது முடிவு: அவள் பாலத்தடியில் ஒதுங்கி— (ஐயோ, வெள்ளம் வந்தால்?) அவள் ஒரு கடையோரம் வேனை நிறுத்தி, பன் தின்றுகொண்டிருக்கிறாள். போதாது என்று இன்னொரு பன்னும் கொடுத்தேன்.

4

கதவு திறந்தது. தொப்பலாக நனைந்து நின்றாள்.

“போனுக்கு என்ன ஆச்சு?”

“சார்ஜ் போயிடுச்சு. எதுக்கு அழுறீங்க?”

“டீ தீஞ்ச புகை.”

சாப்பாட்டு டப்பாவை மேசையில் வைத்தாள். “நீங்க பார்த்ததே இல்லையே, நெல்லிக்காய் சைஸ்ல ஒண்ணு பொறுக்கிட்டு வந்தேன்.” ஆசையாகத் திறந்தாள். உள்ளே கொஞ்சம் தண்ணீர்.

“அடச்சே, கரைஞ்சுடுச்சே!”

“சரியாத்தான் கொண்டுவந்திருக்கே. அந்தச் சொல்லுக்கு அர்த்தமே இதுதான்” என்றேன். சப்பென்று இருந்த அதே அர்த்தம் அந்த நேரத்தில் தேனாக இனித்தது.

அவள் என் கணினித் திரையைக் குனிந்து படித்தாள். “ரெண்டு பன்னா? ஒண்ணுதான் தின்னேன். என்னை எழுதாதீங்கன்னு சொன்னேன்ல?”

5

முடிவை உங்களிடமே விட்டுவிடுகிறேன். வேனை நாலு இடத்தில் நசுக்குங்கள், என்னைத் திட்டுங்கள், டப்பாத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள், உங்கள் இஷ்டம். அவளை மட்டும் மறுபடி வெளியே அனுப்பிவிடாதீர்கள். இப்போதுதான் தலை துவட்டுகிறாள்.