சுவரில் ஒட்டிய கண்ணாடி

தையல்காரருக்கு அந்த அரசாங்க அதிகாரியைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. செருப்புக்காலோடு கடைக்குள் நுழைந்தவன், வெட்டி வைத்திருந்த சட்டைத் துணியை ஒதுக்கித் தள்ளிவிட்டு, பின்சுவர் விரிசலின் குறுக்கே விரல் அகலக் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து இரண்டு முனையிலும் சிமெண்ட் பூசினான்.

"சுவர் அசைஞ்சா இது உடையும். உடைஞ்சா கட்டடத்தையே காலி பண்ணணும். யாரும் தொடக்கூடாது."

"காலி பண்ணிட்டு எங்க போறது? உங்க வீட்டுக்கா?"

"அது என் வேலை இல்லைங்க."

இப்படிப் பேசுகிறவனை என்னதான் செய்வது! கீழே கடை, கடைக்குப் பின்னால் வீடு, நேர் மேலே மச்சினியின் குடும்பம். எல்லோரையும் தெருவுக்கு அனுப்ப அரசாங்கத்துக்கு ஒரு தாள் போதும். வேறு வீடு காட்டச் சொன்னால் மட்டும் அதற்குக் காது கேட்காது.

அடுத்த வாரமே ஒரு காலையில் கண்ணாடி நடுவில் விரிசல் விட்டிருந்தது. தையல்காரர் அவசரமாகக் கடைக் கதவைச் சாத்தினார். சுவரை நினைத்து அல்ல, அதிகாரியை நினைத்து. கிழிந்ததைத் தெரியாமல் தைத்துக் கொடுத்தே பெயர் வாங்கிய மனிதர் வேறென்ன செய்வார்? படச்சட்டம் போடும் கடையில் அதே அளவுக்கு ஒரு துண்டு வெட்டி வாங்கி, பழையதைப் பெயர்த்துவிட்டு ஒட்டினார். சிமெண்ட் புதிதாகத் தெரியாமலிருக்க மிஷின் எண்ணெய் அழுக்கையும் தடவினார். மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை.

மச்சினி மட்டும் சுவர் விரிசலுக்குப் பயந்துபோய், கைக்குழந்தையோடு மாமியார் வீட்டுக்குக் கிளம்பப் பாத்திரங்களை மூட்டை கட்டியிருந்தாள். அவளைக் கடைக்கு இழுத்து வந்து காட்டினார்.

"கண்ணாடி முழுசா இருக்கு பாரு. எதுக்கு இந்தக் கூத்து?"

மூட்டையைப் பிரித்து அடுக்கவும் அவரே கூடமாட உதவினார்.

அதிகாரி வந்தான், குனிந்து பார்த்தான், அசைவில்லை என்று எழுதிக்கொண்டு போனான். அவனை முட்டாளாக்கிய குஷியில் தையல்காரர் அன்று பாட்டெல்லாம் முணுமுணுத்தார்.

அந்தக் குஷி செங்கல் லாரி வரும்வரைதான். சுவர் உறுதி என்று அரசாங்கமே சொன்ன பிறகு வாடகை வாங்கும் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? மொட்டை மாடியில் இன்னொரு மாடி எழுப்ப அனுமதி வாங்கிவிட்டார். செங்கல் ஏறிக்கொண்டிருக்கும்போதே கண்ணாடி படக்கென்று உடைந்து பாதி கீழே விழுந்தது. விரிசலுக்குள் கத்தரிக்கோல் முனை தாராளமாகப் போனது.

விழுந்தடித்து அதிகாரியின் அலுவலகத்துக்கு ஓடினார்.

"முதல்ல ஒட்டினதும் உடைஞ்சுதுங்க. நான்தான் மாத்தி வெச்சேன்."

அதிகாரி எழுந்து கதவைச் சாத்தினான். "மாடி கட்டுறது பிடிக்காம நீயே உடைச்சிட்டு வந்து கதை விடுறியா? நான் கையெழுத்துப் போட்டாச்சு. வெளியில வாயைத் திறந்தே, உள்ள போறது நீதான்."

தையல்காரர் வீடு திரும்பி, மனைவி மக்களைத் தெருவுக்கு விரட்டிவிட்டு மாடிக்கு ஓடினார். தலைக்கு மேல் இன்னும் செங்கல் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"குழந்தையைத் தூக்கிட்டு வாம்மா. சுவர் நிக்காது!"

மச்சினி கதவை முழுசாகத் திறக்கவில்லை. "போன மாசம் வேற மாதிரி சொன்னீங்களே, மாமா?"

"அன்னைக்குச் சொன்னது பொய்."

"இன்னைக்குச் சொல்றதுதான் பொய். நீங்க கண்ணாடியை உடைச்சிட்டு ரகளை பண்றீங்கன்னு அதிகாரி போன் பண்ணினாராம். வீட்டு ஓனரே இப்பதான் வந்து சொல்லிட்டுப் போறாரு. குழந்தை தூங்குது. போங்க."

தாழ்ப்பாள் விழுந்தது. அவர் ஆத்திரத்தில் தோளால் கதவை மோதினார். மறுபடி மோதினார். நிலைக்கு மேலிருந்து காரை பெயர்ந்து அவர் தலையில் கொட்டியது.

அதன் பிறகு கதவைத் தட்டவே பயமாகிவிட்டது. விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. கதவோரம் உட்கார்ந்து, "திறம்மா... திறம்மா..." என்று மெல்லிய குரலில் கெஞ்ச ஆரம்பித்தார்.