கேக் கதை சொன்ன ஆள்

"முன்னாடி பாத்து வெட்டு வெர்னா. பின்னாடி உன் இஷ்டம்" என்றான் லெம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சினிமா எடுக்கிற ஊருக்குப் பக்கத்தில், ரெசீடாவில் எங்கள் வீட்டுப் பின்புறம் எலுமிச்சை மரத்தடியில் சமையலறை நாற்காலியைப் போட்டு, கழுத்தில் பழைய மேஜைவிரிப்பைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் அழகு நிலையத்தில் பெண்களுக்கு முடி சுருட்டிவிடுகிறவள். வீட்டுக்கு வந்தால் புருஷனுக்கு முடிவெட்டுகிற வேலையும் என் தலையில்தான். எப்போதும் முடி வெட்டும்போது தூங்கி வழிகிறவன், அன்று கைக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துத் தன் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் அவனுக்குப் படப்பிடிப்பு.

லெம் ஹார்கஸ் என்ற பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் ஆளைத் தெரியும். கௌபாய் படத்தில் மதுக்கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் நுழைகிற முரடன் இவன்தான். கதாநாயகனின் வீரத்தை ஊருக்குக் காட்ட எவனாவது அடிவாங்க வேண்டுமே, அந்த எவனும் இவன்தான். யுத்தப் படமென்றால் சார்ஜென்ட். "குனிடா" என்று கத்துவான், கத்தி வாய் மூடுவதற்குள் குண்டு பாயும். மேலுதட்டில் உள்ள தழும்பு சின்ன வயதில் அத்தை வீட்டு நாய் கடித்தது. படம் பார்க்கிறவர்கள் கத்திக்குத்து என்று நினைத்துக்கொள்கிறார்கள். நிஜ யுத்தத்தில் அவன் உள்நாட்டு லூசியானாவைத் தாண்டவில்லை, ராணுவச் சமையற்கூடத்தில் உருளைக்கிழங்கு உரித்தான். எதிர்வீட்டுக்குக் குடிவந்த அம்மாள் மட்டும் அவன் காரிலிருந்து இறங்கினால் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்கிறாள்.

ஊரில் எல்லோரும் உழைத்துப் பிழைத்தார்கள், இவன் செத்துப் பிழைத்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. இத்தனை வருஷத்தில் அவன் முகத்தை மட்டும் திரையில் வைத்து, அவனை நாலு வார்த்தை முழுசாகப் பேசவிட்ட படம் ஒன்றுகூட இல்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். இந்த இத்தாலி யுத்தப் படத்தில்தான் முதல்முறையாக அது கிடைத்திருந்தது. சார்ஜென்ட் தன் லெப்டினன்ட்டிடம் ஒரு கதை சொல்ல வேண்டும். லெப்டினன்ட் நடுவில் "அப்புறம்?" என்று மட்டும் கேட்பான்.

அந்தக் கதையை லெம் எங்கள் வீட்டு ஐஸ்பெட்டியிடம் சொல்லிப் பார்த்தான். நாயிடம் சொன்னான். ஒருநாள் நான் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, என்னிடம் பேசுகிற மாதிரியே ஆரம்பித்தான்.

"அந்தப் பையன் செத்த அன்னிக்குச் சாயங்காலம்தான் சார் அவங்க அம்மா அனுப்பின கேக் வந்துச்சு. திருப்பி அனுப்பவா முடியும்? வெச்சிருந்தா கெட்டுப்போகும். ஆளுக்கொரு துண்டு சாப்பிட்டோம். நல்லா இருந்துச்சு சார். அதான் என்னால தாங்க முடியல. நல்லா இருந்துச்சு."

அன்று அவனுடைய சட்டைக் கழுத்துப்பட்டி கருகிப்போனது. நான் இஸ்திரிப் பெட்டியை எடுக்க மறந்து அழுதுகொண்டு நின்றேன். அவன் சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"வந்துடுச்சு இல்ல?" என்றான்.

"வந்துடுச்சு. போய் வேற சட்டை எடுத்துட்டு வா" என்றேன்.

திங்கட்கிழமை நானும் விடுப்புப் போட்டுவிட்டு அவனோடு போனேன். படப்பிடிப்பு சாட்ஸ்வொர்த் பாறைகளில்தான். போன மாதம் வரைக்கும் கௌபாய் படத்துக்கு அவை அரிசோனா, அன்றைக்கு இத்தாலி. இதே பாறைகளிலிருந்து லெம் எத்தனையோ முறை உருண்டு விழுந்திருக்கிறான். லெப்டினன்ட்டாக நடித்தவன் படத்தின் நட்சத்திரம் டேன் ஹாலிடே. நாற்பதைத் தாண்டியவன், இருபத்தைந்து என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்குப் பவுடர் பூசியிருந்தார்கள்.

கேமரா ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தைத்தான் பார்க்கும். முதலில் நட்சத்திரத்தின் முகம். லெம் தன் முதுகைக் கேமராவுக்குக் காட்டி உட்கார்ந்து கதையைச் சொல்ல வேண்டும், ஹாலிடே கேட்க வேண்டும். பிறகு கேமராவைத் திருப்பி லெம்மின் முகத்தை எடுப்பார்கள். தொடங்குவதற்கு முன்னால் அவனைத் தனியே இழுத்தேன்.

"அவன் பக்கம் எடுக்கறப்ப சும்மா வாயால சொல்லு. எல்லாத்தையும் அவனுக்கே கொட்டித் தீத்துடாத. உனக்கு மிச்சம் வை."

"எதிர்ல உக்காந்திருக்கான் வெர்னா. அவனுக்குக் குடுக்கலைன்னா அவன் எதை வெச்சு நடிப்பான்?"

"அது அவன் பாடு."

சொன்னதைக் கேட்கிறவனாக இருந்தால் அவன் என் புருஷனாக இருக்கமாட்டான். முதல் தடவையே முழுசாகக் கொடுத்தான். ஹாலிடேக்கு அழுகை வரவில்லை, வெயில் கண்ணைக் கூசுகிறது என்றான். திரும்ப எடுத்தார்கள். தண்ணீர் குடித்தான், மூக்கில் பவுடர் போட்டுக்கொண்டான். திரும்ப எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் லெம் அந்தக் கேக்கைப் பிட்டுப் பிட்டு அவன் வாயில் ஊட்டினான். கடைசியில், சாப்பாட்டு வேளை எல்லாம் தாண்டிய பிறகு, ஹாலிடேயின் முகம் மெல்லக் கோணி, கண்ணிலிருந்து நீர் தானாக இறங்கியது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். ஹாலிடே எழுந்து, லெம்மின் தோளைத் தட்டிவிட்டு, பல் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று காரில் ஏறிப் போய்விட்டான்.

கேமராவைத் திருப்பினார்கள். ஹாலிடே உட்கார்ந்திருந்த இடத்தில் விளக்கு மாட்டுகிற இரும்புக் கம்பம் ஒன்றை நட்டு, அவன் கண் இருந்த உயரத்தில் வெள்ளை நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினார்கள். அதுதான் லெப்டினன்ட். அவனுடைய வசனத்தைப் படிக்க, காட்சிகளைச் சரிபார்க்கும் மிஸ் பிளன்ட் இருமல் மிட்டாய் சப்பிக்கொண்டு வந்து நின்றாள்.

"அப்புறம்" என்றாள், காய்கறி வாங்குகிற தொனியில்.

மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். லெம் மட்டும் அந்தக் கம்பத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே கதையைச் சொன்னான். தொண்டை கம்மிப்போயிருந்தது, அதுவே அந்தக் கதைக்கு நன்றாகப் பொருந்தியது. "நல்லா இருந்துச்சு" என்று இரண்டாம் முறை சொன்னபோது நாய் கடித்த அந்த உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. எங்கள் கல்யாணத்தின்போதுகூட அவன் முகத்தை அப்படிப் பார்த்ததில்லை. இயக்குநர் "போதும், நல்லா வந்திருக்கு" என்றார். வீடு வரும்வரை லெம் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே வந்தான்.

நானும் சும்மா இருக்கவில்லை. என் நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொரு தலைக்கும் இந்தக் காட்சியைப் பற்றிச் சொன்னேன். அதனால் வான் நைஸ் தியேட்டரில் படம் வந்த வெள்ளிக்கிழமை, மாலைக் காட்சிக்கு எங்கள் அழகு நிலையமே திரண்டு வந்திருந்தது. லெம் டை கட்டிக்கொண்டு எனக்கு இடப்புறம் உட்கார்ந்தான். வலப்புறம் என் வாடிக்கைக்காரி திருமதி ஓடெகார்ட், மடியில் பாப்கார்னோடு.

காட்சி வந்தது. திரை முழுக்க ஹாலிடேயின் முகம். லெம்மின் குரல் கதையைத் தொடங்கியது. இடது ஓரத்தில் ஒரு காதும், ஒரு பிடரியும், நான் மெஷின் வைத்து வழித்த முடியும். இப்போது திருப்புவார்கள் என்று காத்திருந்தேன். கேக் வந்தது, திருப்பவில்லை. ஆளுக்கொரு துண்டு சாப்பிட்டார்கள், திருப்பவில்லை. ஹாலிடேயின் கண்ணீர் இறங்கியது. முன்வரிசையில் பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள்.

திருமதி ஓடெகார்ட் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதருகே குனிந்தாள். "உங்க வீட்டுக்காரர் எப்பங்க வருவாரு?"

திரையில் லெம்தான் பேசிக்கொண்டிருந்தான். லெம்மின் கையைத் தேடிப் பிடித்தேன். அடுத்த காட்சியில் அவன் "குனிடா" என்று கத்திவிட்டுச் செத்தான். அப்போது முகம் தெரிந்தது, சேறு பூசியிருந்தது.

காரில் ஏறியதும் நான்தான் கத்தினேன். இயக்குநரை, ஹாலிடேயை, அவன் பல்லை, எல்லாவற்றையும் சந்திக்கு இழுத்தேன். லெம் சாவியைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தான்.

"முடி நல்லா வெட்டியிருந்தே" என்றான்.

பத்திரிகைகள் ஹாலிடேயைத் தூக்கி வைத்துக் கொண்டாடின. ஒரு வார்த்தை பேசாமல் அழவைத்துவிட்டானாம். அடுத்த வாரம் லெம்மின் ஏஜென்ட் இர்வ் தொலைபேசினான். நான்தான் எடுத்தேன்.

"நல்ல சேதி வெர்னா. ஹாலிடே அடுத்து ஒரு கௌபாய் படம் பண்றான். உன் புருஷன்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறான். எதிர்ல அந்த ஆளு இருந்தாத்தான் எனக்கு வரும்கறான்."

"அந்த விளக்குக் கம்பம் சும்மாதான் நிக்குது இர்வ். அதைக் கூட்டிட்டுப் போகச் சொல்லு."

லெம் வந்து என் கையிலிருந்து ரிசீவரை வாங்கினான். அவன் குரல் தணிந்திருந்தது. "என் பேரைச் சொல்லிக் கேட்டானா?"

இர்வ் சொன்னது எனக்கே கேட்டது. "பேரு அவனுக்கு ஞாபகம் வரல லெம். கேக் கதை சொன்ன ஆளுன்னான்."

லெம் வருவதாகச் சொல்லிவிட்டு வைத்தான். நான் அவன் வழியை மறித்துக்கொண்டு நின்றேன்.

"உனக்கு ரோஷமே கிடையாதா?"

"அவன் அழுதான் இல்ல, அது என் மூஞ்சியைப் பாத்து அழுதது வெர்னா. அத்தனை பேர்ல அவன் ஒருத்தன்தான் எதிர்ல உக்காந்து பாத்தான்."

"டிக்கெட் வாங்கினவங்களுக்கு அதை யாரு போய்ச் சொல்றது?"

சமையலறை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவன் பின்பக்கம் போனான். நான் கத்தரியோடு போனபோது எலுமிச்சை மரத்தடியில் மேஜைவிரிப்பைத் தானே கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கைக்கண்ணாடியை எடுத்து வரவில்லை.

"பின்னாடி பாத்து வெட்டு வெர்னா" என்றான். "முன்னாடி உன் இஷ்டம்."