கறுத்த மண்

நிப்றாஸ் பாதையை விட்டு ஏன் இறங்கினான்? கிண்ணியாவில் ஜெமீலாவின் வீட்டில் இதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்காததால் அந்தக் கேள்வி போய்விடவுமில்லை, பிள்ளைகளே. சோறு போடும்போதும் இருந்தது, முற்றம் கூட்டும்போதும் இருந்தது.

ஜெமீலாவின் மகன் நிப்றாஸ் ஓமான் பாலைவனத்தில் தண்ணீர் கொண்டு போகும் பவுசர் லொறி ஓட்டியவன். ஒருநாள், நேராகக் கிடந்த பாதையை விட்டு வெறும் வெளிக்குள் வாகனத்தைத் திருப்பினான். தேடிப் போனவர்கள் புதைந்த பவுசரையும், அதற்கு அப்பால் வெயிலில் விழுந்து கிடந்த அவனையும் கண்டார்கள். வேலைமுகாமுக்குப் பக்கத்திலேயே அடக்கிவிட்டார்கள். அவனோடு வேலை செய்த அஷ்பாக் ஊருக்கு வந்தபோது, "அவன் ஏன் திருப்பினான் எண்டு எங்களுக்கு விளங்கவே இல்ல மாமி. நல்லா வண்டி ஓடுறவன்" என்று சொல்லித் தலை குனிந்துகொண்டான்.

பாதையை விட்டு இறங்கிய அந்த நாளுக்கு முதல்நாள் நிப்றாஸ் தொலைபேசியில் அழுதிருந்தான். "ஏலாது உம்மா, நான் ஊருக்கு வாறன்." ஜெமீலா சொன்னாள், "ராத்தாட வீட்டுக்குக் கூரை போடாம வந்து என்ன செய்யப் போறாய்? கொஞ்சம் பொறு மகன்." எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். அவள் சொன்னது ஊரில் எந்தத் தாயும் சொல்லக்கூடியதுதான். ஆனாலும், தன் சொல் கேட்டு மனமுடைந்து பிள்ளை வேண்டுமென்றே சாகப் போனான் என்று அவள் நம்பினாள். தன்னைத்தானே மாய்த்துக்கொள்வது எங்கள் மார்க்கத்தில் எவ்வளவு பாரமான காரியம் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கூரைக்குக் கீழேதான் இப்போது மூத்த மகள், நிப்றாஸின் ராத்தா ஸஹ்ராவோடு இருக்கிறாள். மழை பெய்து ஓட்டில் சத்தம் கேட்டால் எழும்பி வெளியே போய் நனைந்துகொண்டு நிற்பாள்.

ஸஹ்ரா பாடசாலையில் விளையாட்டு டீச்சர். கிளிவெட்டியில் பிறந்த கஜந்தியும் அதே பாடசாலையில் விளையாட்டு டீச்சர். இருவரும் காலையில் கொட்டியாரக் குடாக் கரையில் ஒன்றாக ஓடுகிறவர்கள். நிப்றாஸின் கபுறு, அவனைப் புதைத்த இடம், ஒரு எண்ணெய்க் கம்பனியின் வேலிக்குள் இருந்தது. வெளியாட்களை விடமாட்டார்கள். டிசம்பர் விடுமுறையில் நடக்கும் ஒரு மரதன் ஓட்டத்துக்கு மட்டும் கேற்றைத் திறப்பார்கள் என்று ஸஹ்ரா அறிந்தாள். ஊருக்கு, டீச்சர்மார் இரண்டு பேரும் சுற்றுலாப் போகிறார்கள் என்று பேர்.

"விடுமுறைக்கு ஆக்கள் நுவரெலியாவுக்குக் குளிருக்குப் போறவை" என்றாள் கஜந்தி. "நீ என்னைப் பாலைவனத்தில வெயில் காயக் கொண்டு போறாய். நான் என்ன கருவாடே?"

"உன்னக் கருவாடாக்கினா ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. வாடி."

புறப்படும்போது ஜெமீலா கேற்றடி வரைக்கும் வந்தாள். "அவன்ட கபுறடிக்குப் போனா, கேளு மகள்" என்றாள்.

"யாரிட்ட உம்மா கேக்கிற?"

ஜெமீலா உள்ளே போய்விட்டாள்.

ஓட்டம், நிப்றாஸ் பவுசர் ஓட்டிய அதே பாதையில், விடியும்போதே தொடங்கியது. வெளிநாட்டுக்காரர்கள் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டு முன்னால் ஓடிவிட்டார்கள். அதன்பிறகு பார்த்த பக்கமெல்லாம் ஒன்றுமில்லை. ஒரு மரமில்லை, ஒரு காகமில்லை. வெயில் ஏற ஏற, காற்று வெள்ளை மணலைக் கொண்டுவந்து பாதைமேல் கொட்டியது. கால் கணுக்கால் வரை புதைந்தது. புதைந்த காலை இழுத்து மற்றக் காலை வைக்க அதுவும் புதைந்தது.

"கபுறுக் கல்லுகள் எங்க இருக்காம்?" கஜந்தி மூச்சு வாங்கக் கேட்டாள்.

"அந்த வளைவுக்கு அங்கால எண்டுதான் அஷ்பாக் சொன்னவன்."

பிள்ளைகளே, உங்களில் கடற்கரையில் சைக்கிள் ஓடியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மேட்டிலுள்ள வெள்ளை மணலில் சில்லு இறங்கிப் படுத்துவிடும். அலை நனைத்துவிட்டுப் போன கறுத்த மண்ணில் தார் ரோட்டில் போவதுபோலப் போகலாம். சின்ன வயதில் நிப்றாஸ் ராத்தாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அப்படித்தான் பறப்பான். "இறுக்கிப் பிடி ராத்தா, கறுத்த மண்ணுக்கு இறக்கப் போறன்!" என்று கத்துவான்.

பாதையின் வலது பக்கம், சற்றுக் கீழே, நிலம் கறுத்து ஈரமாக மினுங்கியது. மட்டமாக, இறுகிய கரைபோல நீண்டு கிடந்தது. ஸஹ்ரா யோசிக்கவேயில்லை. கால் தானாகத் திரும்பியது. இறங்கினாள். முதல் சில எட்டுகள் தாங்கின.

"அடியே, நில்லு! சேறு!" பின்னால் கஜந்தி கத்தினாள். அவள் வயல்காரி. மினுக்கத்தைப் பார்த்தே கண்டுகொண்டாள்.

மேலே மெல்லிய உப்புத்தட்டு உடைந்தது. ஸஹ்ரா முழங்கால் வரை இறங்கினாள். இழுக்க இழுக்கக் கால் கீழே போனது. கஜந்தி பாதையோரத்தில் படுத்து, தன் மேற்சட்டையைக் கழற்றி எறிந்து ஒரு நுனியைப் பிடிக்கச் சொல்லி, வாய்க்கு வந்தபடி ஏசி ஏசி இழுத்தாள். கால் வெளியே வந்தது. சப்பாத்து ஒன்று உள்ளேயே நின்றுவிட்டது.

ஸஹ்ரா பாதையில் குந்தியிருந்து அந்தக் கறுத்த வெளியையே பார்த்தாள். சற்றுத் தள்ளி ஒரு பலகை நின்றது, புதையும் வாகனத்தின் படத்தோடு. அதைக் கடந்துதான் ஓடிவந்திருக்கிறாள். அவள் கண்ணில் அது படவில்லை, கரைதான் பட்டது. நிப்றாஸ் வந்த நாளில் பலகை இருந்ததோ என்னவோ.

"கஜந்தி, அவன் சாகப் போகல்லடி."

"என்ன?"

"பாதையெல்லாம் வெள்ளை மண். பவுசர் இழுபட்டிருக்கும். அவன் கறுத்த மண்ணுக்கு இறக்கினவன்."

கஜந்திக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. பிறகு அவள் ஸஹ்ராவின் சேற்றுக் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

கால் வீங்கிவிட்டது. பின்தங்கியவர்களை ஏற்றும் வாகனம் வந்தது. ஒரு நிமிடம் அங்கே நிறுத்துங்கள், என் தம்பி கிடக்கிறான் என்று ஸஹ்ரா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கெஞ்சினாள். வேலிக்குள் எங்கேயும் நிறுத்தக்கூடாதாம். வளைவு தாண்டியதும், தூரத்தில், மணலுக்குள் பாதி அமிழ்ந்த கற்கள் தெரிந்தன. பெயரில்லாத கற்கள். எது தன் தம்பியுடையது என்று தேடி முடிக்கும் முன்னே புழுதி மறைத்துவிட்டது. அவள் கண்ணாடியில் கையை வைத்தபடி இருந்தாள்.

வீடு வந்தபோது ஜெமீலா குசினியில் மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கபுறடிக்குப் போனியா மகள்?"

"இல்ல உம்மா. வண்டி நிப்பாட்டல்ல. தூரத்தில கல்லுகளக் கண்டன்."

கத்தி சுரண்டிக்கொண்டே இருந்தது.

"ஆனா, அவன் ஏன் இறங்கினான் எண்டு தெரியும்."

கத்தி நின்றது. ஸஹ்ரா எல்லாவற்றையும் சொன்னாள். "நம்மட கரை மாதிரியே கிடந்திச்சு உம்மா. நானும் இறங்கினன். நினைக்கவே இல்ல, கால் தானாப் போச்சு."

"அப்ப, சாகப் போனவன் இல்லியா?"

"இல்ல உம்மா. வண்டி புதையாமக் கொண்டு போகப் பார்த்தவன்."

ஜெமீலா செதில் ஒட்டிய கைகளை மடியில் போட்டுக்கொண்டாள். யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று முணுமுணுத்தாள். அந்த முகம் இனியாவது வெளிக்கும் என்றுதான் ஸஹ்ரா பார்த்திருந்தாள்.

"நான் வரச் சொல்லியிருந்தா" என்றாள் ஜெமீலா, "அவன் இந்தக் கரையிலதானே ஓடித் திரிஞ்சிருப்பான்."

ஸஹ்ரா கத்தியை எடுத்து மிச்சச் செதிலைச் சுரண்டத் தொடங்கினாள்.

வாசலில் ஒற்றைச் சப்பாத்து கிடந்தது. அதில் சேறு காய்ந்து உப்புப் பூத்திருந்தது. ஜெமீலா எழுந்து போய் அதைக் கையில் எடுத்தாள்.

"மத்தது எங்க?"

"அங்க, சேத்துக்குள்ள. எடுக்க ஏலாமப் போச்சு. அதத் தாங்க உம்மா, கழுவி வைப்பம்."

"கழுவாத" என்றாள் ஜெமீலா. காய்ந்த சேற்றை விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தாள். "மத்தது அங்கேயே கிடக்கட்டும் மகள். அவன் அங்க தனியத்தானே கிடக்கான்."