ஒரு விரல் இடைவெளி

அகிலனின் ஜீப்பில் முன்பக்க ஷாஃப்டை மாற்றியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் நான் சொல்லவில்லை.

என் பெயர் ரிஸ்வான். பூன் லே பக்கம் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் பட்டறை வைத்திருக்கிறேன். காடு மேடு ஏறும் வண்டிகள்தான் என் வேலை. சிங்கப்பூரில் ஏது காடு என்று கேட்பார்கள். வண்டி இங்கே இருக்கும், சனிக்கிழமை ஆனால் எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குப் போய்விடும். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்குள் சேற்றில் புரண்டுவிட்டு ஞாயிறன்று கழுவக்கூட நேரமில்லாமல் திரும்பி வரும்.

அகிலனுக்கு முப்பத்தைந்து வயது. பாசிர் ரிஸில் வீடு, மருத்துவமனை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மெதுவாகப் பேசுவார், எதையும் இரண்டு முறை கேட்பார். இந்தப் பயணங்களை நடத்தும் யாக்கூப் பாயின் குழுவில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வண்டியை இரண்டரை அங்குலம் உயர்த்த வேண்டும் என்று வந்தார். தேவையான அனுமதியெல்லாம் அவரே அலைந்து வாங்கியிருந்தார்.

வண்டியை உயர்த்தினால் கியர்பாக்ஸிலிருந்து முன் சக்கரங்களுக்குப் போகும் அந்த நீளக் குழாய், ஷாஃப்ட், கூடுதலாகச் சாய்ந்துவிடும். பழைய ஷாஃப்டின் ஜாயிண்ட் அந்தச் சாய்வைத் தாங்காது. கொஞ்சம் தடித்த ஷாஃப்ட் போட வேண்டும். தடித்ததைப் போட்டால் இடம் குறையும். அதற்குக் கீழே குறுக்கே சைலன்சர் குழாய் போகிறது. பக்கத்திலேயே கியர்பாக்ஸின் ஆயில் தட்டு. நான் புது ஷாஃப்டை மாட்டி, வண்டியை இறக்கி நிறுத்தி, அடியில் படுத்து விரலை விட்டுப் பார்த்தேன். ஷாஃப்டுக்கும் சைலன்சர் குழாய்க்கும் நடுவில் ஒரு விரல் தாராளமாகப் போனது.

"போதும், முடிச்சிடலாம்" என்றேன்.

என்னிடம் ஃபர்சானா மூன்று வருடமாக வேலை செய்தாள். இருபத்தெட்டு வயது, டிப்ளமா முடித்தவள். வேலை சுத்தம். ஒரு போல்ட்டைக்கூட அளவு பார்க்காமல் முறுக்க மாட்டாள். அவள் டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அண்ணே, வண்டி நிக்கறப்ப இடைவெளி இருக்கு. மேட்டுல ஏறி ஒரு சக்கரம் அந்தரத்துல தொங்கினா ஆக்சில் கீழ இறங்கும்ல? ஷாஃப்டும் சேர்ந்து இறங்கும். ஸ்பிரிங்கக் கழட்டி, சக்கரத்தத் தொங்கவிட்டு, கையால சுத்திப் பாத்துடலாம். அரை நாள் வேலைதான்."

அவள் சொன்னது சரி. சொல்லும்போதே எனக்குத் தெரியும். ஆனால் அகிலன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் வண்டி வேண்டும் என்று கேட்டிருந்தார், நானும் தலையை ஆட்டியிருந்தேன். அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்ததில் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"இதெல்லாம் பாலிடெக்னிக்ல சொல்லிக் குடுத்தாங்களா? நான் இருபத்திரண்டு வருஷமா வண்டிக்கு அடியில கெடக்கறேன் லா" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அகிலனும் மரியாதைக்குச் சிரித்தார். ஃபர்சானா டார்ச்சை அணைத்து மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

முதல் பயணம் நன்றாகத்தான் முடிந்தது. திரும்பி வந்ததும் அகிலன் போன் செய்தார். "பாய், சரிவுல இறங்கறப்ப அடியில கர்ருன்னு ஒரு சத்தம் வருது. வந்து காட்டவா?"

"கல்லு தெறிக்கற சத்தம். காட்டுக்குள்ள போனா அப்படித்தான்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இரண்டாவது பயணத்துக்கு யாக்கூப் பாய் என்னையும் கூப்பிட்டிருந்தார். ஜொகூரில் கோத்தா திங்கி பக்கம், ஆறு வண்டிகள், குடும்பத்தோடு. அகிலன் மூன்றாவதாக வந்தார், பக்கத்தில் அவர் மனைவி ரக்ஷனா. மழை அரித்த ஒரு செம்மண் சரிவில் அவர் நத்தை மாதிரி இறங்கினார். முன் சக்கரம் ஒன்று பள்ளத்தின் மேல் தொங்கியது. அடுத்த நொடி 'டமார்' என்று ஒரு சத்தம். பிறகு தகரத்தைச் சுத்தியலால் அடிப்பது போலத் தொடர்ந்து நாலைந்து அடி. வண்டி நின்றுவிட்டது. அடியிலிருந்து சிவப்பாக ஆயில் கொட்டி மண்ணில் ஓடியது.

நான்தான் முதலில் அடியில் புகுந்தேன். ஷாஃப்ட் இரண்டாக முறிந்து, சுழன்ற வேகத்தில் ஆயில் தட்டைக் கிழித்திருந்தது. முறிந்த இடத்தில் குழாயைச் சுற்றி மோதிரம் போட்டது போல வெள்ளையாக ஒரு கோடு. கல் அடித்திருந்தால் ஒரு பக்கம்தான் நசுங்கும். முழுவட்டமாகத் தேய வேண்டுமென்றால், சுற்றிக்கொண்டே எதிலோ உரச வேண்டும். சைலன்சர் குழாயின் மேல்புறமும் அதே இடத்தில் பளபளவென்று குழிந்திருந்தது. சக்கரம் தொங்கிய ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்திருக்கிறது. படுத்த இடத்திலேயே எல்லாம் எனக்குப் புரிந்துவிட்டது.

வெளியே வந்தேன். பதினைந்து பேர் சுற்றி நின்றார்கள். யாக்கூப் பாய் கேட்டார், "என்னாச்சுப்பா?"

"கல்லுல அடிச்சிருக்கு பாய். கொஞ்சம் வேகமா இறக்கிட்டாரு."

வாய் தானாகச் சொன்னது என்று சொல்ல ஆசைதான். அப்படி இல்லை. யோசித்துத்தான் சொன்னேன். அரை நொடி போதுமாக இருந்தது.

அகிலன், "நான் மெதுவாத்தானே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நான் இருபத்திரண்டு வருடத்துக்காரன். அவர் ஆறு மாதத்துக்காரர். வண்டியை வின்ச் போட்டு இழுத்து மேலேற்ற மூன்று மணி நேரம் ஆனது. அருவிக்குப் போகிற திட்டம் போய்விட்டது. பிள்ளைகள் வெயிலில் அழுதார்கள். அகிலன் ஒவ்வொரு குடும்பத்திடமும் போய், "சாரி, என்னாலதான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியாக என்னிடம் வந்தபோது நான் அவர் முதுகில் தட்டி, "பரவால்ல, எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்றேன்.

வண்டி லாரியில் ஏறி துவாஸ் எல்லை வழியாக என் பட்டறைக்கு வந்தது. இரண்டு நாள் கழித்து அகிலன் குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து விலகினார். "உங்க எல்லாருக்கும் தொந்தரவு குடுத்துட்டேன். நான் இதுக்கு லாயக்கில்லை" என்று ஒரு செய்தி மட்டும் போட்டிருந்தார். அதன் கீழே நாலு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். நானும் போட்டேன்.

அடுத்த வாரம் ரக்ஷனா தனியாக வந்தார். வண்டியை விற்க வேண்டும், சரிசெய்து கொடுக்க எவ்வளவு நாளாகும் என்று கேட்டார். பிறகு அங்கேயே நின்றார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி எக்ஸ்பிரஸ்வேல எங்களுக்கு ஒரு ஆக்சிடென்ட். அவர் தப்பில்ல, பின்னாடி வந்தவன் இடிச்சான். ஆனா அதுக்கப்புறம் ஒரு வருஷம் ஸ்டியரிங்கத் தொடவே இல்ல. இந்த ஜீப் வந்தப்புறம்தான் பழையபடி ஆனாரு. இப்ப மறுபடியும் வேலைக்கு எம்ஆர்டி ரயில்லதான் போறாரு." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். வேகமா எறக்கின மாதிரி எனக்குத் தெரியல. நிஜமாவே அவர் தப்பா?"

மறுபடியும் ஒரு வாய்ப்பு. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது போல.

"பக்கத்து சீட்டுல இருந்தா வேகம் தெரியாது லா" என்றேன்.

ஃபர்சானா இரண்டடி தள்ளி டயர் கழற்றிக்கொண்டிருந்தாள். முறிந்த ஷாஃப்டை லாரியிலிருந்து இறக்கியவளே அவள்தான். அதை அவள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஆனாலும் வாடிக்கையாளர் முன்னால் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அவளை அகிலன் முன்னால் என்ன செய்தேன் என்பது எனக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. 

ரக்ஷனா போனதும் அவள் கையுறையைக் கழற்றினாள். "அண்ணே, இந்த மாசக் கடைசியோட நான் நின்னுக்கறேன்."

"அன்னிக்குச் சொன்னதுக்காகவா?"

"அது கோவம்தான். போயிருச்சு. ஆனா வர்ற கஸ்டமர்கிட்டல்லாம் எங்க அண்ணன் வேலைய கண்ண மூடிட்டு நம்பலாம்னு சொல்லிட்டிருந்தேன். இனிமே அத எப்படிச் சொல்றது?"

அன்று மதியம் தொழுதுவிட்டு உட்கார்ந்தேன், எழுந்திருக்கவே முடியவில்லை. யாரிடமும் எதுவும் கேட்கிற தகுதி எனக்கு இல்லை என்று பட்டது. மாலை வேலை முடிந்ததும் முறிந்த ஷாஃப்டின் ஒரு பாதியைப் பழைய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பாசிர் ரிஸுக்குப் போனேன்.

கதவைத் திறந்த அகிலன் என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். தண்ணீர் கொண்டுவந்தார். நான் குடிக்கவில்லை. துணியைப் பிரித்துக் காட்டி, எது எங்கே உரசியது, எதை நான் பார்க்காமல் விட்டேன், ஃபர்சானா என்ன சொன்னாள் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் அந்த வெள்ளைக் கோட்டை விரலால் சுற்றிச் சுற்றித் தடவினார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே. வண்டிக்கு அடியிலயே."

"ரக்ஷனா வந்து கேட்டப்ப?"

"அப்பவும் தெரியும்."

ரக்ஷனா சமையலறை வாசலில் நின்றார். அகிலன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"ஒவ்வொருத்தர்கிட்டயா போய் சாரி சொன்னேன் பாய். நீங்க பாத்துட்டே நின்னீங்க. என் முதுகுல தட்டுனீங்க." ஷாஃப்டை என் பக்கம் தள்ளினார். "இத என் வீட்டுல வந்து சொல்லி என்ன ஆகும்? அவங்க முன்னாடி சொல்லுங்க."

குழு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், இங்கே பிராட்டா என்கிற பரோட்டா விற்கும் கடையில் கூடும். அந்த ஞாயிறு பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அகிலன் வரவில்லை. மேசைகளைச் சேர்த்துப் போட்டு, தே தாரிக் டீ வந்து, எல்லோரும் அடுத்த பயணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து நின்றேன். பக்கத்து மேசைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அகிலன் வண்டி ஒடஞ்சது கல்லால இல்ல. நான் அளந்தது தப்பு. தெரிஞ்சே உங்ககிட்ட பொய் சொன்னேன். சக்கரத்தத் தொங்கவிட்டுப் பாக்கச் சொல்லி என் பட்டறையில ஃபர்சானா சொன்னாங்க, நான் கேக்கல."

யாரோ சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். பரிமாறுகிறவர் பிராட்டாத் தட்டை வைக்கலாமா என்று தெரியாமல் நின்றார். யாக்கூப் பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் வண்டியப் பத்திக் கேட்டா நீ மனுசனப் போட்டு ஒடச்சிருக்க" என்றார். அவ்வளவுதான். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே நடைபாதைக்குப் போனார். அகிலனிடம் பேசுகிறார் என்பது அவர் கையசைவில் தெரிந்தது. மேசையில் யாரும் என்னிடம் பேசவில்லை. போ என்றும் சொல்லவில்லை. என் பிராட்டா ஆறியது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

அகிலன் வண்டியை வேறு பட்டறைக்குக் கொண்டுபோவார் என்று நினைத்தேன். ஆனால் புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு காலையிலேயே வந்து நின்றார். "என் கண்ணு முன்னாடி செய்யணும். அவங்க செய்யணும்" என்று ஃபர்சானாவைக் காட்டினார்.

அவள்தான் செய்தாள். நான் கேட்டதை எடுத்துக் கொடுத்தேன். ஸ்பிரிங்குகளைக் கழற்றி ஆக்சிலை முழுசாகத் தொங்கவிட்டாள். சைலன்சர் குழாயின் மேல் சிறுபிள்ளைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி ஒட்டி, முறிந்ததன் தடிப்பிலேயே வேறொரு ஷாஃப்டை மாட்டிக் கையால் சுற்றினாள். களிமண் காகிதம் போலத் தட்டையானது. அகிலன் குனிந்து அதையே பார்த்தார். பிறகு அந்தக் குழாயை வெட்டி, வளைத்து, ஷாஃப்டின் வழியிலிருந்து விலக்கிப் பற்றவைத்தோம். ஆக்சில் ஓர் அளவுக்கு மேல் இறங்காமல் பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் பட்டை கட்டினோம். கொஞ்சம் மெலிந்த ஷாஃப்டை வரவழைத்திருந்தேன், அதை மாட்டினோம். கிழிந்த ஆயில் தட்டையும் மாற்றினோம். இரண்டு நாள் பிடித்தது. வெள்ளி மதியம் சக்கரங்கள் தொங்கிய நிலையில் அகிலனே அடியில் படுத்து ஷாஃப்டைச் சுற்றினார். எங்கும் தட்டவில்லை. திருப்பி ஒருமுறை சுற்றினார். மூன்றாம் முறையும்.

வண்டியை அவரே ஓட்டிக்கொண்டு போனார். மூன்றாம் மாடியிலிருந்து இறங்கும் சரிவுப் பாதையில் திரும்பும்போது பிரேக்கைத் தேவைக்கு மேல் அழுத்தினார், ஆனாலும் போனார். ஃபர்சானாவுக்கு நன்றி சொன்னார். என்னிடம் சாவியை வாங்கிக்கொண்டு தலையசைத்தார். இப்போது குழுவில் மறுபடி சேர்ந்திருக்கிறார் என்று கேள்வி. வண்டி வேலைக்கு என்னிடம் வருவதில்லை.

ஃபர்சானா சொன்னபடி மாதக் கடைசியில் நின்றாள். இருக்கச் சொல்லிக் கேட்டேன். "இல்லண்ணே" என்றாள், அன்பாகத்தான். ஜூரோங்கில் பெரிய பட்டறை ஒன்றில் சேர்ந்திருக்கிறாள்.

வீட்டில் என் மனைவி ஆஸ்மாவுக்குச் சொல்வது மட்டும் மிச்சமிருந்தது. பாசிர் ரிஸையும் பிராட்டாக் கடையையும் விட அதுதான் கஷ்டமாக இருந்தது, ஏனென்று தெரியவில்லை. துணி மடித்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும் என் சட்டை ஒன்றை உதறி மடித்து அடுக்கின் மேல் வைத்தாள்.

"அந்தப் பொண்ணு ரக்ஷனாகிட்ட தனியா மன்னிப்புக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அவர் சமையலறை வாசலிலேயே நின்றிருந்தார், நான் அகிலனைப் பார்த்தே பேசிவிட்டு எழுந்து வந்திருந்தேன்.

"நாளைக்குப் போறேன்" என்றேன்.

"நானும் வர்றேன்" என்றாள் ஆஸ்மா.