கார்த்திகையைச் சுற்றிய புகை

“ஐயோ, சுரண்டிட்டீயளா!”

நீலாம்பாள் போட்ட கூச்சலில், பாளையங்கோட்டை ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படத்துக்கு விறைப்பாக உட்கார்ந்திருந்தவர் நாற்காலியோடு திரும்பிவிட்டார்.

நெகட்டிவ் திருத்தும் பிச்சைக்கண்ணு பெருமையாகத்தான் சொன்னார். “ஆமா டீச்சர். நட்சத்திரத்தைச் சுத்தி, பூஞ்சை பிடிச்ச மாதிரி ஒரே புகை. பிளேடால பைய எடுத்துட்டேன். கல்யாணப் பொண்ணு மூஞ்சிப் பருவுக்குக்கூட நான் இந்தப் பாடு பட்டதில்ல. இப்பம் பாருங்க, வைரம் கணக்கா மின்னுது!”

“அந்தப் புகையைத்தான் அண்ணாச்சி நான் படம் பிடிச்சேன்!”

பிச்சைக்கண்ணுவின் முகம் செத்துப்போயிற்று.

கார்த்திகை நட்சத்திரங்களைச் சுற்றி மெல்லிய தூசு மண்டலம் உண்டு. அதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. நட்சத்திர ஒளி பட்டுத்தான் தெரியும். வெறும் கண்ணுக்கு எட்டாத அதைப் படத்திலாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவள் கணவர் குற்றாலலிங்கத்தின் இருபது வருட ஆசை. ஆனால் சர்க்கரை நோய் அவர் கண்களை அரித்து, பார்ப்பதையெல்லாம் மங்கலாக்கிக்கொண்டிருந்தது. பார்வை இன்னும் இரண்டு மாதம் தாங்கினால் அதிகம் என்று மதுரை டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அதனால்தான் மாசி அமாவாசையை ஒட்டித் திசையன்விளையின் செம்மணல் தேரிக்காட்டில் கேமரா பொருத்திய தொலைநோக்கியை நிறுத்தினார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நட்சத்திரம் நகர்வதற்கேற்ப நீலாம்பாள் முக்கால் மணி நேரம் சக்கரத்தைத் திருப்பினாள்.

“மூச்சு விடாதட்டி, படம் ஆடிரும்.”

“நான் செத்தா சக்கரத்தை யாரு திருப்புவா?”

மூன்று நாள் பாடுபட்டு உருப்படியாக வந்தது அந்த ஒன்றுதான். இப்போது பங்குனி. கார்த்திகை இருட்டுவதற்குள் மேற்கே சரிந்துவிடுகிறது. ஐப்பசியில் திரும்ப வந்தாலும் அடைமழை மேகம் மறைத்துவிடும்; இனி அடுத்த தையில்தான் எடுக்க முடியும்.

பேட்டைக்குப் போகும் பஸ்ஸில், எப்படிச் சொல்வது என்று ஏழெட்டு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் ஒன்றும் நினைவில்லை.

“வந்துட்டியா? குடு, குடு!”

படத்தை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போனார். முகத்தருகே பிடித்து, வெளிச்சத்துக்கு இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு, அவர் திட்டுவதற்காக நீலாம்பாள் காத்திருந்தாள்.

“என்னா அழகாத் தெரியுது நீலா, அந்தப் புகை!”