தட்டாத கேட்

காலை ஆறேகாலுக்குத் திருவேங்கடம் ஊருக்குப் போகும் பஸ் கடந்து சென்றது. பால் வரவில்லை.

ராஜேஸ்வரி காலி தூக்குவாளியைக் கேட் கம்பியில் மாட்டிவிட்டு நின்றாள். நேற்றும் முந்தாநாளும் இப்படித்தான் நின்றாள். சாலைக்கு அப்பால் கரிசல் காடு. அதன் கடைசியில் காற்றாலைகள். ஊர் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. இந்தப் பக்கம் அவள் வீடு ஒன்றுதான்.

பாலை மாரித்தாய் கொண்டு வருவாள். பாலோடு கொஞ்சம் பேச்சும் வரும். அதை விட்டால் ராஜேஸ்வரிக்கு அன்றைக்கு வேறு பேச்சு கிடையாது.

“நாய் ஜாக்கிரதைன்னு போர்டு தொங்குது, நாயவே காங்கலயே யக்கா. நீங்கதான் கடிப்பீயளோ?” என்று முதல் நாளே கேட்டவள் மாரித்தாய். ராஜேஸ்வரி சிரித்துவிட்டாள். சிரித்து வெகு நாள் ஆகியிருந்தது.

அதற்கு முன்பு அவள் சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தாள். அங்கே அசோசியேஷன் உண்டு. பால்கனியில் காய்ந்த அவள் புடவையைப் படமெடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார் செயலாளர். கணவர் இறந்த மறுவாரம், லிஃப்டை அதிக நேரம் நிறுத்தி வைத்ததற்கு விளக்கம் கேட்டார்கள். அவர் உடலை இறக்கியது அந்த லிஃப்டில்தான். ராஜேஸ்வரி பதில் எழுதவில்லை. வீட்டை விற்றாள்.

ஆடித்தபசுக்கு வந்துபோன பழக்கத்தில் சங்கரன்கோவில் பக்கம் வீடு தேடினாள். புரோக்கர் இசக்கிராஜா இந்த வீட்டைக் காட்டியபோது தண்ணீரைப் பற்றியோ பட்டாவைப் பற்றியோ அவள் முதலில் கேட்கவில்லை.

“இங்க அசோசியேஷன் மாதிரி ஏதாவது உண்டா?”

“ஒரு மண்ணும் கிடையாது மேடம். நீங்க மாடியில ஏறி நின்னு மாடு மேய்ச்சாலும் ஒருத்தன் ஏன்னு கேக்க மாட்டான்.”

அன்றைக்கே பேசி முடித்துவிட்டாள்.

குடிவந்த மாதம், ஒரு சாயங்காலம் யாரோ கேட்டைத் தட்டினார்கள். சங்கரபாண்டி என்று பெயர் சொன்னார். ஊரில் யார் இறந்தாலும் வீடு வீடாகப் போய்த் துட்டி சொல்ல வேண்டும். வருஷத்துக்கு ஒரு வீட்டார் அதைச் செய்வார்கள். அந்த வருஷம் அவர் முறை.

“மேலத்தெருவுல ஒரு துட்டிம்மா. வீட்டுக்கு ஒரு ஆள் வந்து தலையக் காட்டணும்.”

“எனக்கு அவங்களத் தெரியவே தெரியாதே.”

“தெரிஞ்சவுக தானா வந்துருவாக. தெரியாதவுகளுக்குத்தான் நாங்க நடக்கோம்.”

“இந்த மாதிரி கட்டாயமெல்லாம் வேண்டாம்னுதான் நான் இங்க வந்ததே. இனிமே என்னைக் கூப்பிடாதீங்க.”

சங்கரபாண்டி கேட்டைப் பார்த்தார். போர்டைப் பார்த்தார்.

“சரிம்மா. சொல்லிட்டீய” என்றார். கோபப்படவில்லை.

அவள் சொன்னதை ஊர் அப்படியே கேட்டது. பிறகு யாரும் தட்டவில்லை. கோயில் கொடைக்கு மேளம் போனது. சடங்கு வீட்டில் ரேடியோ பாடியது. ஐப்பசி மழைக்கு முன் ஓடை வெட்ட, வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு போனார்கள். எல்லாம் அவள் வீட்டை விலகிப் போயின. கொஞ்ச காலம் அது சுகமாக இருந்தது. பிறகு, யாரும் தட்டாத கேட்டை அவள் அடிக்கடி பார்க்க ஆரம்பித்தாள்.

முந்தாநாள் மத்தியானம் ஓடைக்கு அந்தப் பக்கம் கொட்டுச் சத்தம் கேட்டது. ஜன்னலைச் சாத்திவிட்டு டிவியைச் சத்தமாக வைத்தாள்.

இன்றைக்கு வெயில் ஏறும்வரை பார்த்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு நடந்தாள். ஓடையைத் தாண்டுவது அதுதான் முதல் தடவை. குழாயடியில் நின்ற பெண்ணிடம் மாரித்தாய் வீட்டைக் கேட்டாள். அந்தப் பெண் ஏறிட்டுப் பார்த்தாள். கையை மட்டும் காட்டினாள்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கியிருந்தன. மாரித்தாயின் புருஷன் செல்லச்சாமி தொழுவத்தை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சங்கரபாண்டி. இருவரும் ‘வாங்க’ என்று சொல்லவில்லை. அது ராஜேஸ்வரிக்கு உறுத்தியது. எந்த வீட்டில் அப்படிச் சொல்ல மாட்டார்கள் என்பது அப்போது அவள் நினைவுக்கு வரவில்லை.

வாளியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள்.

“என்ன, மூணு நாளாப் பாலைக் காணோம்? மாரித்தாய் என்னை மறந்துட்டாளா?”

செல்லச்சாமி நிமிர்ந்து பார்த்தார்.

“அவ போய்ட்டாம்மா. முந்தாநா விடியக்காலம். நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு உக்காந்தா. பெறகு எந்திரிக்கல.”

வாளியை எங்கே வைப்பதென்று ராஜேஸ்வரிக்குத் தெரியவில்லை. முந்தானைக்குள் மறைத்தாள்.

“எனக்கு யாருமே சொல்லலியே.”

“ஒங்க கேட்டு வரைக்கும் வந்தேன்” என்றார் சங்கரபாண்டி. “உள்ள டிவி ஓடிக்கிட்டு இருந்துச்சு. கைய ஓங்கிட்டேன். அப்பத்தான் நீங்க சொன்னது ஞாவகம் வந்துச்சு. திரும்பிட்டேன். ஒங்க பேச்ச மீறக் கூடாதுல்லா?”

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ரோட்டு வீட்டுல நாயும் அவுகதான், வீட்டுக்காரியும் அவுகதான்னு சொல்லுவா” என்றார் செல்லச்சாமி. “ஒங்களச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா.” அவரும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

ராஜேஸ்வரி தரையில் உட்கார்ந்தாள்.

“அங்க என் வீட்டுக்காரர் செத்தப்ப லிஃப்டுக்கு விளக்கம் கேட்டாங்க. அசோசியேஷனே இல்லாத ஊருக்குப் போயிட்டா நிம்மதின்னு நினைச்சேன். அதட்டுறவங்களுக்குப் பயந்து ஓடி வந்தேன். வந்த இடத்துல, சாவு சொல்ல வந்தவரையும் விரட்டிட்டேன். மனுஷங்க வேண்டாம்னு வீடு வாங்கிடலாம். அதுல குடியிருக்க முடியாது.”

தொழுவத்தில் பசு கத்தியது. கறக்கிற நேரம் தாண்டியிருந்தது.

ராஜேஸ்வரி சங்கரபாண்டியைப் பார்த்தாள். மாரித்தாய் அவரைக் கூப்பிடும் முறையில் அவளும் கூப்பிட்டாள்.

“அண்ணாச்சி, இனிமே இந்த ஊர்ல யாருக்கு என்ன ஆனாலும் என் கேட்டையும் வந்து தட்டுவீங்களா?”